ஆட்கள் தேவை

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் கண்ணீர் அஞ்சலிக்கும் காதணி விழாவுக்கும் போட்டியாக ஒட்டப்படுவது ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ். நூற்பாலைக்கு ஆண், பெண் இருபாலரும் தேவை, தங்குமிடம், சாப்பாடு இலவசம், முன் அனுபவம் வேண்டியதில்லை, சம்பளம் நேரில். கரூர் சாலையில் வேடசந்தூரை நோக்கிப் போனால் மில் வாசல்களிலும் இதே வாசகம்தான். சுவருக்கு எதிரே டீக்கடையில் இன்ஜினியரிங் முடித்த பையன் ஒருவன் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். ஆள் இல்லை என்று ஒரு பக்கம் புலம்பல், வேலை இல்லை என்று மறுபக்கம் புலம்பல். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இது திண்டுக்கல்லுக்கு மட்டுமே உரிய புதிர் அல்ல. கூலி, திறன், இடம்பெயர்வு, உற்பத்தித்திறன் என்று தனித்தனிப் பெயர்களில் பொருளியலறிஞர்கள் நூறாண்டாகச் சுற்றிவருவது இந்தக் கேள்வியைத்தான். அவர்கள் சொன்னதைத் திண்டுக்கல் சமவெளியின் மண்ணில் வைத்து உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஆள் கிடைக்கவில்லை’ என்பது பாதி வாக்கியம். ‘நான் தரும் கூலிக்கு, நான் சொல்லும் நேரத்துக்கு, நான் போடும் கட்டுப்பாட்டுக்கு’ என்ற முன்பாதியை விழுங்கிவிட்டுத்தான் அதை எல்லோரும் சொல்கிறார்கள்.

புலம்பலும் புதிதல்ல. கங்காணி முறையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறியபோது, பண்ணையாளை இழந்த மிராசுதார்களும் இதையேதான் சொன்னார்கள். பழைய மதுரை மாவட்டத்தின் வறண்ட பகுதிகள், அதாவது இன்றைய திண்டுக்கல் உள்ளிட்ட நிலம், அந்தப் பயணத்தில் பங்கு கொண்டவை. மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவது 1938இலும் இலங்கைக்கு அனுப்புவது 1939இலும் தடை செய்யப்பட்டபோது, போக வழியில்லாமல் ஊரில் தங்கியவர்களுக்குக் கூலி ஏறவில்லை. ஆள் இருந்தபோதும் நிலத்துக்காரர் கூடுதலாகக் கொடுக்கவில்லை. ஆள் போனபோது மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி என்ற ஐந்து ஊர்களின் கதை 1918இல் நூலாக வந்தது. திண்டுக்கல் பக்கம் அவர் வரவில்லை என்பது நம் ஊர்க்காரனுக்கு ஒரு குறைதான். ஆனால் அந்த ஊர்களைப் பிற்கால ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததால், ஒரு தமிழ்க் கிராமத்தின் நூறாண்டு உழைப்பு வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. இருவேல்பட்டை மறுபடி ஆராய்ந்த ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் கண்டது இது: நிலம் வைத்திருந்தவரின் பிடி தளர்ந்தது, கூலிக்காரர், குறிப்பாகத் தலித்துகள், ஊருக்கு வெளியே வேலை தேடிக்கொண்டார்கள், விவசாயத்தை மட்டும் நம்பிய குடும்பங்கள் குறைந்தன. கோவை, திருப்பூர்க் கிராமங்களை 1980களின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்த ஜூடித் ஹேயரின் ஆய்வுகளும், கொஞ்சம் வேறு நிறத்தில், இதே திசையைத்தான் காட்டுகின்றன. திண்டுக்கல் சமவெளியில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு சுற்றுவட்டக் கிணறுகளை உப்பாக்கியது. கிணற்றுப் பாசனம் போன நிலத்தில் கூலி வேலை ஏது? நிலத்தை விட்டு உழைப்பு வெளியேறியதற்கு ‘நகரத்தின் ஈர்ப்பு’ என்று மட்டும் எழுதிப் போகிறவர்கள் பேகம்பூர்ப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை வாயில் வைத்துப் பார்க்கலாம்.

ஏழை நாட்டுக் கிராமங்களில் உழைப்பு வற்றாத ஊற்று, பிழைப்புக் கூலிக்குச் சற்று மேலே கொடுத்தால் ஆலைகளுக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வருவார்கள் என்பது ஆர்தர் லூயிஸ் 1954இல் சொன்ன புகழ்பெற்ற கருத்து. அந்த ஊற்று என்றாவது வற்றும், அன்று கூலி ஏறத் தொடங்கும் என்பதும் அவர் கணக்கில் உண்டு. நம் ஊரில் அந்த நாள் வந்துவிட்டதா? நிலத்துக்காரரைக் கேட்டால் வந்துவிட்டது என்பார். காரணம் கேட்டால் ‘நூறு நாள் வேலை’ என்று ஒரே சொல்லில் முடிப்பார். தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது, முதல் கட்டத்தில் சேர்ந்த தமிழக மாவட்டங்கள் ஆறு. அவற்றில் திண்டுக்கல்லும் ஒன்று. எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் போகாமல் படிப்படியாக விரிந்ததால், முன்னே வந்த மாவட்டத்தையும் பின்னே வந்த மாவட்டத்தையும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. கிளெமென் இம்பெர், ஜான் பாப் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை குறைந்த கோடை மாதங்களில் தனியாரிடம் கிடைத்த தினக்கூலி 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தது. ஆந்திராவில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் செய்த பெரிய கள ஆய்வு இன்னும் ஒரு படி போனது. திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் கூலி உயர்ந்தது. ஆனால் தனியார் வேலைவாய்ப்பு குறையவில்லை.

இது பாடப்புத்தகத்துக்கு எதிரான முடிவு. கூலி உயர்ந்தால் வேலை குறைய வேண்டும் அல்லவா? வேலை தருபவர் ஒரு சிலராக இருந்து, கூலியை அவர்களே நிர்ணயிக்கும் இடத்தில் அப்படி நடக்க வேண்டியதில்லை என்று ஜோன் ராபின்சன் 1933லேயே எழுதிவைத்திருக்கிறார். காய்கறிக்கு ஒட்டன்சத்திரத்திலும் பூவுக்கு நிலக்கோட்டையிலும் விலை ஏறி இறங்குவதைத் தினம் பார்க்கிறோம். ஏலம் கூவ ஆள் இருக்கிறது. உழைப்புக்கு அப்படிக் கூவுவார் இல்லை. சுவர் நோட்டீசில் எல்லா விவரமும் இருந்து ‘சம்பளம் நேரில்’ என்று மட்டும் ஏன் இருக்கிறது என்று யோசித்தால் ராபின்சன் சொன்னது பாதி புரிந்துவிடும்.

மில்களுக்கு வருவோம். இந்தக் கேள்வியின் சதை அங்கேதான் இருக்கிறது.

கிரகரி கிளார்க் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1987இல் ஒரு விவாதத்தைக் கிளப்பினார். 1910 வாக்கில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் செய்த வேலை, இந்திய, சீன, ஜப்பானிய, கிரேக்கத் தொழிலாளிகள் ஏறக்குறைய 6 பேர் செய்த வேலைக்குச் சமம் என்பது அவர் கணக்கு. இயந்திரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அப்படியிருந்தும் ஏன் என்று கேட்டு, இயந்திரம், மேலாண்மை என எல்லாக் காரணங்களையும் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, உள்ளூர்ப் பண்பாட்டில் ஏதோ இருக்கிறது என்பதுபோல் முடித்தார். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. கூலி மலிவாக இருக்கும் இடத்தில், ஒருவர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று பேரை நிறுத்துவது முதலாளிக்கு நஷ்டமில்லை. இழை அறுந்தால் உடனே ஒட்ட ஆள் இருக்கும். மலிவுதான் ஆட்களைக் கூட்டியது. கூட்டம் உற்பத்தித்திறனைக் குறைத்தது. இன்றைய வேடசந்தூர் மில்லில் ரிங் ஃப்ரேம் பார்க்கும் பெண்ணிடம் ‘எத்தனை சைடு ஓட்டுறே?’ என்றுதான் கேட்பார்கள்; எத்தனை இயந்திரப் பக்கங்களைக் கவனிக்கிறாய் என்று பொருள். சைடு கூடக் கூட அவள் நடை கூடும். ஒரு ஷிப்டில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து முடிப்பாள். சோம்பலும் பண்பாடும் இங்கே எந்த மூலையில் ஒளிந்திருக்கின்றன என்று கிளார்க்தான் காட்ட வேண்டும்.

அந்தப் பெண் அங்கே எப்படி வந்தாள் என்பது தனிக் கதை. ஒரு தலைமுறைக்கு முன் பஞ்சாலை என்பது ஆண்களின் நிரந்தர வேலை. சங்கம், போனஸ், பி.எஃப். எல்லாம் உண்டு. 1990களுக்குப் பிறகு திண்டுக்கல் சமவெளியில் பெருகிய மில்கள் அந்த வார்ப்பைக் கைவிட்டன. தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த பகுதி செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. சமத்துவத்தின் பேரில் வந்த தீர்ப்பு; பாதுகாப்பு நிபந்தனைகளும் அதில் இருந்தன. மில்களுக்கு அது மூன்று ஷிப்டுக்கும் இளம்பெண்களை நிறுத்தும் வாசலைத் திறந்தது. கூடவே வந்தது ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஊர் பெயர் வைத்த ஏற்பாடு. பதின்ம வயதுப் பெண் மூன்றாண்டு மில் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகும்.

சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துப் பிற்காலத்தில் தருவதற்கு எட்வர்ட் லேசியர் 1979இல் ஒரு கோட்பாடே எழுதியிருக்கிறார். பின்னால் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் தொழிலாளி ஓடிப்போகாமல் ஒழுங்காக உழைப்பார், இருவருக்கும் லாபம் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் கட்டாயப் பணி ஓய்வைப் பற்றி எழுதியதை இங்கே பொருத்தினால் கோட்பாட்டின் ஓட்டை தெரியும். வாக்கைக் காப்பாற்ற முதலாளியைக் கட்டாயப்படுத்த யாராவது இருக்க வேண்டும். உடம்புக்கு முடியாமல் இரண்டாம் ஆண்டிலேயே ஊர் திரும்பிய பெண்ணுக்குக் கடைசித் தொகை கைக்கு வராமல் போன கதைகள் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் நிறைய உண்டு. உலகப் பிராண்டுகளின் காதுக்கு விஷயம் போனபின் திட்டத்தின் பெயர்கள் மாறின. சில மில்கள் உண்மையாகவே மாறின. பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்யத் தமிழ்நாடு அரசு 2014இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

சட்டத்தைவிட வேகமாக இந்த ஏற்பாட்டை அரித்தவை இரண்டு என்பேன். ஒன்று மில் பஸ். ஒரே கிராமத்துக்கு மூன்று மில்களின் பஸ் வரத் தொடங்கியதும், அதிகாலையில் எந்த பஸ்ஸில் ஏறுவது என்ற முடிவு பெண்ணின் கைக்கு வந்தது. விடுதிச் சுவருக்குள் இல்லாத பேரம் பஸ் ஸ்டாப்பில் வந்துவிட்டது. இன்னொன்று கல்லூரி. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மில்லுக்கு வர வேண்டிய பதினெட்டு வயது, ஜி.டி.என். கல்லூரிக்கோ எம்.வி.எம். கல்லூரிக்கோ போய்விட்டது. மில்காரர் பார்வையில் இது ஆள் பற்றாக்குறை. தாய் தகப்பன் பார்வையில் வேறு என்னவோ.

வேலையை விட்டுப் போவது ஒரு வழி, வேலையில் இருந்துகொண்டே குரல் கொடுப்பது இன்னொரு வழி என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் பிரித்துக் காட்டினார். இங்கே மில் பெண்கள் பெரும்பாலும் முதல் வழியில்தான் போனார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை என்பதே அவளுடைய ராஜினாமாக் கடிதம். இரண்டாம் வழிக்கு ஒரு அரிய உதாரணமும் இந்த மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டமைப்பு முதலிய அமைப்புகளுடன் சேர்ந்து 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைச் சாதித்தது. ஆலை நிர்வாகத்துடன் எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்றே உலகத் தொழிலாளர் இயக்கங்கள் அதை அழைக்கின்றன. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பெயர் வந்தது உள்ளூரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

பூட்டு என்றதும், கேள்வியின் மறுமுனை. மில்லில் ‘முன் அனுபவம் வேண்டியதில்லை’. பூட்டுப் பட்டறையிலோ அனுபவத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சங்கரலிங்க ஆச்சாரி சகோதரர்கள் தொடங்கியது என்பது ஊர் வழக்கு. நாகல்நகர், நல்லாம்பட்டிப் பக்கங்களில் இரும்புத் தகட்டை வெட்டி, லீவர்களை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, அந்த ஒரு சாவிக்கு மட்டுமே அசையும்படி பொருத்துவார்கள். மாங்காய்ப் பூட்டிலிருந்து மணி அடிக்கும் பூட்டு வரை எத்தனையோ வகை. கோயிலும் சிறையும் கிட்டங்கியும் வாங்கும். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957இல் வந்தது. புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. இடையே அலிகாரின் இயந்திரப் பூட்டு கடையை நிறைத்துவிட்டது.

இந்தக் கைத்திறனுக்கு ஏன் ஆள் இல்லை? வில்லியம் பாமோல் 1960களில் இசைக் கச்சேரியை வைத்து ஒரு விளக்கம் சொன்னார். நூறாண்டுக்கு முன் நான்கு பேர் அரை மணி நேரம் வாசித்த உருப்படியை இன்றும் நான்கு பேர் அரை மணி நேரம்தான் வாசிக்க முடியும். மற்றத் தொழில்களில் உற்பத்தி பெருகிக் கூலி ஏறும்போது, வாசிப்பவருக்கும் கூட்டித் தந்தாக வேண்டும்; இல்லையென்றால் அவர் மகன் வாசிக்க வரமாட்டான். பூட்டு ஆச்சாரிக்கும் இதே கணக்குத்தான். அவர் கை வேகம் தாத்தா காலத்து வேகம். பீஸ் ரேட்டில் கிடைப்பதைச் சுற்றியுள்ள வேறு கூலியோடு ஒப்பிட்ட மகன், வெல்டிங் கற்றுக்கொண்டு கிரில் பட்டறைக்கோ ஸ்டீல் பர்னிச்சர் கடைக்கோ போனான். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். ராவுகிற கைக்கு விலை வைக்காது. புள்ளிவிவரத்தில் இவர் ‘குறைந்த உற்பத்தித்திறன்’ உள்ளவர், ஏனென்றால் உற்பத்தித்திறனை ரூபாயில்தான் அளக்கிறோம். விலை குறைந்தால் திறனும் குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டுத் திண்ணைப் பட்டறை வருவதே இல்லை என்பது வேறு விஷயம்.

பொதுவான திறனை முதலாளி தன் செலவில் கற்றுத்தர மாட்டார், கற்றவன் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்பது 1964இல் கேரி பெக்கர் சொன்னது. பட்டறையில் அந்தச் செலவைப் பையன் தன் பால்யத்தைக் கொடுத்துக் கட்டினான். இன்று அரசு கட்டுகிறது. ஐ.டி.ஐ. நவீனமயம், நான் முதல்வன் போன்றவை அந்த வகை. ஃபிட்டர் படித்த பையன் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகிறான். ஊர் உழைப்பை வளர்த்து வெளியூருக்குக் கொடுக்கிறது என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பையன் பிழைத்தால் சரி.

எனக்கு உறுத்துவது பெங்களூரிலிருந்து வந்த ஒரு முடிவு. அச்யுத அத்வர்யு, நம்ரதா கலா, அனந்த் நைஷதம் மூவரும் அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்களுக்குப் பேச்சு, நேர மேலாண்மை, சிக்கலைக் கையாளுதல் முதலியவற்றைக் கற்றுத்தந்த ஒரு பயிற்சியை, குலுக்கல் முறையில் ஆள் தேர்ந்து சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி 10 சதவீதத்தைத் தாண்டி உயர்ந்தது. அவர்கள் சம்பளம்? அரை சதவீதம். கம்பெனி போட்ட முதலீடு, பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில் பல மடங்காகத் திரும்பியது. ‘திறனை வளர்த்தால் கூலி தானாக உயரும்’ என்று மேடைதோறும் சொல்லப்படுவதற்கு இதைவிடக் கசப்பான மறுப்பை நான் படித்ததில்லை. மேலாண்மையின் பங்கும் சின்னதல்ல. நிக்கோலஸ் புளூம் குழுவினர் மும்பைக்கு அருகே ஜவுளி ஆலைகளுக்கு ஆலோசகர்களை அனுப்பி, சரக்கு அடுக்குதல், பழுது பார்த்தல், தரக் கணக்கு ஆகியவற்றைச் சீர்செய்ததில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. தொழிலாளி அதே தொழிலாளிதான். ஒழுங்கு செய்யப்பட்டது அவரைச் சுற்றியிருந்த குழப்பம். ஆனால் சில ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, சீர்திருத்தங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன.

சம்பள வித்தியாசம் இவ்வளவு இருந்தும் இந்தியர்கள் ஏன் குறைவாக இடம்பெயர்கிறார்கள் என்று கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2016இல் கேட்டார்கள். சாதிக்குள் இருக்கும் கைமாற்று உதவி வலைதான் காப்பீடு, ஊரை விட்டால் அது அறுந்துபோகும் என்பது அவர்கள் பதில். திண்டுக்கல்காரனுக்கு இதை விளக்க மொய் நோட்டு போதும். இருபது ஆண்டாக எழுதிய மொய்யைத் திரும்ப வாங்காமல் எவன் நிரந்தரமாக ஊரை விடுவான்? அதனால்தான் நம் ஆட்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாலும் ஒரு காலை ஊரில் வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டிப் போனவர்களும் அப்படியே; 2015 தமிழ்நாடு இடம்பெயர்வுக் கணக்கெடுப்பு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது.

காலியான இடத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத்தவர் வந்தார்கள். மாநிலத் தொழிலாளர் துறையின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு, தமிழகத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 10.67 லட்சம் என்றது. திண்டுக்கல் மில் விடுதிகளில் முன்பு தென்மாவட்டப் பெண்கள் தூங்கிய கட்டிலில் இப்போது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்தும் பாட்னா பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் தூங்குகிறார்கள். ‘நம்ம ஆள் வேலை செய்ய மாட்டான், வடக்கத்திப் பையன் செய்வான்’ என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். வடக்கத்திப் பையனுக்குப் பொங்கலுக்குப் போக ஊர் பக்கத்தில் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து போக விடுதியைத் தவிர வேறிடம் இல்லை. அவனிடம் மில் வாங்குவது உடல் வலிமையை மட்டுமல்ல, போக்கிடம் இல்லாததையும்தான். 2020 ஊரடங்கில் அவன் ஊருக்குப் போகத் தவித்ததும், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் ஒரு பொய் வதந்தி கிளம்பியபோது தொழிலதிபர்கள் பதறியதும் இதனால்தான்.

முதலில் பக்கத்துக் கிராமத்து ஆண், பிறகு அவன் வீட்டுப் பெண், பிறகு தென்மாவட்டச் சிறுமி, இப்போது ஆயிரம் மைல் தொலைவிலிருந்து ஒரு இளைஞன். ஒவ்வொரு முறை கூலி ஏறும் நிலை வந்தபோதும், ஆளுக்கு உற்பத்தியைக் கூட்டி அந்தக் கூலியைக் கொடுப்பதற்குப் பதில், தேடும் வட்டத்தைப் பெரிதாக்குவதுதான் இங்கே நடந்தது. தானாக நூல் சுற்றும் ஆட்டோகோனர் போன்ற இயந்திரங்கள் வந்த மில்களும் இருக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பொதுப்போக்கு வட்டத்தை விரிப்பதுதான். அந்த வட்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8. பீகாரில் இன்னும் 3. ஆனால் மில் விடுதிகளுக்கு ஆள் அனுப்பும் ஒடிசாவின் எண்ணும் 1.8தான்.